இருபத்தொரு கியர்

ஒஸ்லோவிலிருந்து அண்ணன் அனுப்பிய சைக்கிளுக்கு
இருபத்தொரு கியர்.
எங்களூரில் ஏற்றமென்று சொல்லத்தக்கது
பாலத்தின் முதுகு ஒன்று,
வைத்தியசாலை வாசலில்
தள்ளுகட்டில் ஏறும் சரிவு ஒன்று.
மிச்சப் பத்தொன்பதை என்ன செய்ய?

எமில்டாவுடையது பழைய லுமாலா.
மணி இல்லை, பிறேக் பாதி.
"நிண்டுகொள்ளத் தெரிஞ்சால் பிறேக் ஏன்" என்பாள்.
ஒன்பதாம் விடுதியில் இரவெல்லாம்
சேலைன் போத்தல் மாற்றிய கைகள்
இப்போது ஹாண்டிலில்.
எங்கள் இருவரிலும் இன்னும் டெற்றோல் மணக்கிறது.

வல்லிபுரக் கோயிலடியில்
மினிபஸ் ஒன்று எங்களை இறுக்கிக் கடந்து
ஹோர்ன் அடித்துத் திரும்பிப் போனது.
அதுதான் கடைசி வாகனம்.
அதன் பிறகு வீதி, பனை, பற்றை,
பிறகு சவுக்கு,
சவுக்குக்குள் வீதி.

ஆடிமாதச் சோளகம்
வலக்கன்னத்தில் அறைகிறது.
எங்களூரில் மலை கிடையாது,
காற்றைத்தான் ஏறவேண்டும்.
நான் இரண்டாம் கியர்.
எமில்டா எழும்பி நின்று மிதிக்கிறாள்,
மாரியில் கிணற்றுத் தண்ணீர் மாதிரி
மேலே மேலே வருகிறாள்.

சவுக்கங்காட்டுக்குள் காற்று தலைக்கு மேலே போய்விட்டது.
கீழே ஒன்றுமில்லை.
என் வலது முழங்கால் 'டொக்' என்பதும்
சங்கிலி தன்பாட்டில் எண்ணுவதும் கேட்டது.
கடலா சவுக்கா என்று
பிரிக்கமுடியாத ஓர் இரைச்சல்,
தொலைவில்.

அப்போதுதான்
என் இடதுகை
சட்டைப்பைக்குப் போனது.
அடையாள அட்டை.
இருக்கிறது.

வெறும் வீதிக்கு
என் உடம்பில் வேறு பெயர் உண்டு.
பதினாறு வயதில்
ஒரு வாகனமும் இல்லாத தார்வீதியின் நடுவில்
நான் தனியே நின்றிருக்கிறேன்.
அன்று அதன் பெயர் ஊரடங்கு.
நாய்கூட ஒழுங்கைக்குள் நின்றுதான் பார்த்தது.
என்னைக் கூப்பிட்ட குரலுக்கு
முகம் தெரியவில்லை.

"ஏன் நிண்டிட்டாய்?"
எமில்டா திரும்பி வருகிறாள்.
"செயின்" என்றேன்.
பொய்யில்லை, உண்மையிலேயே கழன்றிருந்தது.
வீதியைத் தின்ற மணல்
பல்லுக்குள் போயிருந்தது.
சவுக்கங்குச்சியால் கிண்டிக் கிண்டி எடுத்தாள்.
ஊசி ஏற்றும் நேரத்து முகம்,
மூச்சைப் பிடித்தபடி.
"மிதிச்சுப் பார்."
மிதித்தேன். சுற்றியது.
வேறு ஒன்றும் அவள் கேட்கவில்லை.

மணற்காட்டு மேட்டில்
கியருக்கு வேலையில்லை.
இருபத்தொன்றையும் தோளில் சுமந்து
முழங்கால் புதையப் புதைய ஏறினேன்.
ஓரடி வைத்தால் அரையடி வழுக்கும் மலை,
நேற்று இங்கே இருந்திராத மலை.
மேலே நின்றால்
ஒருபக்கம் கடல், மறுபக்கம் காடு,
நடுவே வந்த வழி,
யாரோ மறந்துபோட்ட
இடுப்புப்பட்டி போல.
அதில் ஒருவரும் இல்லை.
நெடுநேரம் பார்த்தேன்.
ஒருவரும் இல்லை என்பது
ஒருவரும் இல்லை என்பது மட்டும்தான்,
இன்றைக்கு.

எமில்டா சொல்லாமலே இறங்கத் தொடங்கினாள்,
பிறேக் பாதியோடு.
பாதி மேட்டில் முன்சில்லு புதைய
சைக்கிள் நின்றது, அவள் நிற்கவில்லை.
ஓடிப்போய்ப் பார்த்தால்
வாயெல்லாம் மணல்,
சிரிக்கவும் துப்பவும் ஒன்றாய் முயல்கிறாள்.
கழுத்தைத் திருப்பச் சொன்னேன், விரலை மடக்கச் சொன்னேன்.
"போடி, டியூட்டி முடிஞ்சு போச்சு" என்றாள்.

கீழே வலைக் குவியலுக்குள்ளிருந்து
ஒரு பொடியன்,
காற்சட்டைக்கு ஒரு பொத்தான்கூட இல்லை.
எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான்.
"அன்ரி, இதுக்கு எத்தினை கியர்?"
"இருபத்தொண்டு."
கொஞ்சம் யோசித்தான்.
"ஒண்டைத் தாங்கோவன்."

கொடுத்திருப்பேன்.
கழற்றத் தெரியவில்லை.
பதிலுக்கு சீற்றில் ஏற்றினேன்.
கால் எட்டவில்லை, தள்ளிக்கொண்டு நடந்தேன்.
கியர் மாற்றும் விசையை
அவன் டிக், டிக், டிக்கென்று
கடைசிவரை திருகிக்கொண்டே வந்தான்,
சமதரையில்.